‘தீராத வயிற்றுவலி’ என்று இனியும் எழுதாதீர்கள்

போன வாரம் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். ‘தீராத வயிற்றுவலி காரணமாக’ என்று எழுதியிருந்தது. இந்த மாதத்தில் என்னிடம் வந்த நான்காவது ‘வயிற்றுவலி’ இது. 23 வயதுப் பெண், கையில் ஐந்து மாதக் குழந்தை. தற்கொலைக்கு முயன்றிருந்தாள். நல்லவேளை, பிழைத்துவிட்டாள். வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. பிரசவமானதிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை, குழந்தையை ஆசையாகத் தூக்கக்கூட இல்லை என்று எனக்குச் சொன்னது வீட்டு ஆட்கள் இல்லை. ஆட்டோவில் கூட வந்த பக்கத்து வீட்டு அக்கா.

அந்த ஒற்றை வரியை நீங்களும் செய்தித்தாளில் ஆயிரம் தடவை படித்திருப்பீர்கள். கேஸ் ஆகிவிடும், நாளைக்கு வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள் என்ற பயத்தில் வீட்டார் சொல்வது அது. பயம் புரிகிறது. ஆனால் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவைக் கொஞ்சம் கேளுங்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சை கொடுப்பது அரசின் கடமை. மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போவது ஒரு நடைமுறை, அவ்வளவுதான். நீங்கள் வயிற்றுவலி என்று சொன்னால் வயிற்றைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். மனசை யார் பார்ப்பது? டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போகும் முதல் சில வாரங்கள்தான் ஆபத்து அதிகமான நேரம்.

எனக்கு எரிச்சல் வருவது இன்னொரு பேச்சைக் கேட்டால். “டிப்ரஷன் எல்லாம் ஏசி ரூம்ல உக்கார்றவங்களுக்கு டாக்டரம்மா, காடு கழனியில வேலை பார்க்கிறவனுக்கு ஏது அதெல்லாம்?” படித்த ஆசிரியர் ஒருவரே என்னிடம் இப்படிக் கேட்டார். ஐயா, எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் “எனக்கு மனச்சோர்வு” என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. “உடம்பு பூரா எரியுது”, “நெஞ்சுல கல்ல வெச்ச மாதிரி இருக்கு”, “சோறே எறங்கல”, “வெடியக்காலம் மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது” என்றுதான் வருகிறார்கள். அந்த மூன்று மணி முழிப்பைக் கேட்டாலே நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். வெளியிலோ அதற்கு ஒரு குளுக்கோஸ் பாட்டில், ஒரு சத்து ஊசி. (ஊசி போடும் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். “தூக்கம் எப்படி?” என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள், போதும்.)

சென்ற ஆண்டு ஒரு அண்ணன் வந்தார், ஐம்பதைத் தாண்டியவர். மஞ்சப்பை நிறைய ஸ்கேன், எண்டோஸ்கோபி இரண்டு, ரத்தப் பரிசோதனைச் சீட்டு ஒரு கட்டு. எல்லாமே நார்மல். ஒன்றரை வருஷமாகக் கடன் வாங்கி அலைந்திருக்கிறார். மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. பையை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, “அண்ணே, உசிரோட இருந்து என்னன்னு தோணுதா?” என்று கேட்டேன். மனிதர் துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். “இதை யாருமே கேக்கலம்மா” என்றார்.

கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிட்டதாகும் என்று பயப்படுகிறீர்கள். ஆகாது. கேட்டால் பாரம்தான் இறங்கும். “சும்மா மிரட்டுறான், சொல்றவன் செய்ய மாட்டான்” என்பதும் தப்பு. இறந்தவர்களில் பலர் யாரிடமாவது முன்பே சொல்லியிருக்கிறார்கள். கிழவி “நான் இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்” என்று முனகினால், திருப்பூரில் இருக்கும் மகனுக்கு அன்றைக்கே போன் போடுங்கள்.

அடுத்து, வயலுக்கு அடிக்கும் மருந்து. அதை வீட்டுக்குள், அதுவும் கட்டிலுக்கடியில் வைக்கிற பழக்கத்தை தயவுசெய்து விடுங்கள். இந்த நினைப்பு பலருக்கு அலைபோல வந்து போவது. அந்த அரை மணி நேரம் கைக்கெட்டாமல் இருந்தாலே பாதி உயிர் மிச்சம். இலங்கையில் 1995 வாக்கில் தற்கொலை ஒரு லட்சம் பேருக்கு 47 என்ற அளவில் இருந்தது. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை அடுத்தடுத்துத் தடை செய்தார்கள். இருபது ஆண்டுகளில் அது 70 சதவீதம் அளவுக்குக் குறைந்தது, விளைச்சலும் படுக்கவில்லை. நம் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்திலேயே, தற்கொலைத் தடுப்புக்காக வேலை செய்யும் சிநேகா அமைப்பு, ஊருக்குப் பொதுவான இடத்தில் பூட்டுப் பெட்டிகள் வைத்து, விவசாயிகள் மருந்தை அங்கே வைத்து எடுக்கும்படி செய்து பார்த்தது. உங்கள் ஊரில் அது இல்லையா, கொட்டகையில் ஒரு பெட்டி, ஒரு பூட்டு. சாவி மனசு சரியில்லாத ஆளிடம் வேண்டாம். இந்தப் போகத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.

மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பித்தால் பலன் தெரிய இரண்டு மூன்று வாரமாகும். நாலாம் நாள் “ஒண்ணும் கேக்கல” என்று நிறுத்தாதீர்கள். நன்றாகிவிட்டது என்று நீங்களாகவும் நிறுத்தாதீர்கள். “அது வெறும் தூக்க மாத்திரை, அடிமையாகிவிடும்” என்று டீக்கடையில் சொல்பவரிடம் என்னை வந்து பார்க்கச் சொல்லுங்கள். சாராயம் தூக்கம் தராது, நினைப்பைத்தான் இன்னும் கெடுக்கும். மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர், பிபி பார்க்க வாசலுக்கு வருகிற அக்காவிடம் இதையும் சொல்லலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பஸ் இல்லாத நேரமென்றால் போன் இருக்கிறது. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இருபத்து நாலு மணி நேரமும், தமிழிலேயே, காசு இல்லை. அரசின் மருத்துவ உதவி எண் 104க்கும் போடலாம். சிநேகா 044 24640050. ஆள் அந்த நினைப்பில் இருந்தால் தனியே விடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள்.

எங்கள் தாலுக்கா ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு நான் இருப்பேன். பதினோரு மணி பஸ்ஸில் வருபவர்களுக்கும் காத்திருக்கிறேன். மஞ்சப்பை வேண்டாம், கூட ஒரு ஆளைக் கூட்டி வாருங்கள்.