ஓடிஜின்னா என்ன? விரலி, ஒட்டி, ஓம்புநிலை

எங்கம்மா ஓடிஜிய "ஒட்டி"ன்னுதான் சொல்வாங்க. பெரியம்மாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு ஃபோட்டோ எடுத்தவரு எல்லாத்தையும் ஒரு தம்ப் டிரைவ்ல போட்டுக் குடுத்துட்டுப் போயிட்டாரு, வீட்டுல லேப்டாப் உயிர விட்டு ரெண்டு மாசமாச்சு, அம்மாகிட்ட இருக்கறது ஹேண்ட்ஃபோன் மட்டும்தான். புளோக்குக்குக் கீழ ஃபோன் சாமான் விக்கிற கடைக்குப் போய் "இத இதுல சொருகணும் தம்பி, வழி இருக்கா"ன்னு கேட்டிருக்காங்க, அந்தத் தம்பி "ஓடிஜி போதும் ஆன்ட்டி"ன்னு கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்ட எடுத்துக் குடுத்திருக்கான். ஒரு பக்கம் ஃபோன்ல போற டைப்-சி முனை, மறுபக்கம் தம்ப் டிரைவ் நுழையிற பொந்து, அவ்வளவுதான் அந்தச் சாமான். அம்மா காதுல ஓடிஜி ஒட்டியா விழுந்துச்சு. அன்னையிலேருந்து எங்க வீட்டுல "அந்த ஒட்டிய எங்க வச்சே"தான்.

நான் முதல்ல திருத்தப் பார்த்தேன். அப்புறம் யோசிக்க யோசிக்க அம்மா சொன்னதுல விஷயம் இருக்குன்னு பட்டுச்சு, அதான் இந்தச் சொல்லையே கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம்னு உக்காந்தேன்.

முதல்ல தம்ப் டிரைவ். நம்ம சிங்கப்பூர்ல யாரும் பென் டிரைவ்னு சொல்றதில்ல, தமிழ்நாட்டுலேருந்து புதுசா வந்தவங்க சொன்னா உடனே தெரிஞ்சிடும். நம்ம வாயில தம்ப் டிரைவ்னு ஒட்டிக்கிட்டதுக்குக் காரணம் அந்தப் பேரு பொறந்ததே இங்கதான். டிரெக்குங்கிற சிங்கப்பூர் கம்பெனி 2000ல ஜெர்மனியில ஹானோவர் நகரத்துல நடந்த செபிட்ங்கிற கம்ப்யூட்டர் கண்காட்சியில "தம்ப்டிரைவ்"ங்கிற வணிகப் பேர்ல அத வச்சு உலகத்துக்குக் காட்டுச்சு, அப்ப அதுல கொள்ளளவு 8 எம்பி. இன்னைக்கு நல்லா எடுத்த ஒரே ஒரு ஃபோட்டோ அத நெறைச்சிடும், ஆனா அன்னைக்குக் கையில இருந்த ஃபிளாப்பி 1.44 எம்பிதானே, அஞ்சு ஃபிளாப்பிய ஒரு விரல் நுனியில தூக்கிட்டுப் போன மாதிரி. யாரு முதல்ல கண்டுபிடிச்சதுன்னு பெரிய சண்டை உண்டு, இஸ்ரேல்ல எம்-சிஸ்டம்ஸ்னு ஒரு கம்பெனி 1999லயே காப்புரிமைக்கு விண்ணப்பிச்சிருக்கு, ஐபிஎம் பேர்லயும் 2000 கடைசியில ஒண்ணு விற்பனைக்கு வந்துச்சு, டிரெக்கு சிங்கப்பூர் கோர்ட்டுல ஜெயிச்சுச்சு, பிரிட்டன்ல அதே காப்புரிமையப் பறிகொடுத்துச்சு. பொருள் யாரோடதுன்னு வக்கீலுங்க பேசட்டும். பேரு நம்ம ஊர் பேரு, அதுல எனக்கு ரொம்பப் பெருமை, ஒளிச்சு வைக்க மாட்டேன்.

இதுக்குத் தமிழ்ல "விரலி"ன்னு ஒரு சொல் புழங்குது. வாட்ஸ்அப்புக்குப் புலனம், வைஃபைக்கு அருகலைன்னு ஒரு பட்டியல் வருஷா வருஷம் ஃபார்வர்டா வரும் பாருங்க, அதுல தம்ப் டிரைவுக்கு நேரா விரலின்னு போட்டிருக்கும். அந்தப் பட்டியல்ல எனக்குப் பிடிக்காத சொல் நெறைய இருக்கு, ஆனா விரலி அருமையான சொல். ஏன்னா அது புதுசா செஞ்ச சொல்லு மாதிரியே இல்ல. தேக்கா மார்க்கெட் பக்கம் மளிகைக்கடையில விரலி மஞ்சள்னு கேட்டா என்ன குடுப்பாங்க? விரல் மாதிரி நீட்டா இருக்கற மஞ்சள் கிழங்கு. விரல் மாதிரி இருக்கறது விரலி, நம்ம பாட்டிமாரு காலத்துலேருந்து சமையக்கட்டுல கெடக்கற சொல், அதையே எடுத்து இதுக்கு வச்சாச்சு. இன்னொரு நல்லது, "டிரைவ்"ங்கிற வார்த்தைய தமிழுக்குக் கொண்டு வராம விட்டுட்டாங்க. டிரைவ்னா முதல்ல தட்டச் சுத்த வைக்கிற மோட்டார் உள்ள சாதனம், ஃபிளாப்பி டிரைவ், ஹார்ட் டிஸ்க் டிரைவ் எல்லாம் உள்ள சுத்தும். தம்ப் டிரைவுக்குள்ள எதுவும் சுத்தல, ஒரு ஃபிளாஷ் சில்லு சும்மா உக்காந்திருக்கு, அந்த ஃபிளாஷ் நினைவகமும் ஜப்பான்ல தோஷிபாவுல வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1980கள்ல உருவாக்குனது, மொத்தமா ஒரே வீச்சுல அழிக்கிறது கேமரா ஃபிளாஷ் மாதிரி இருக்குன்னு கூட வேலை பார்த்தவரு வச்ச பேரு அது. ஆக இங்கிலீஷ்ல டிரைவ்னு சொல்றது பழைய பழக்கம், தமிழ்ல அந்தச் சுமை இல்ல.

எழுதறப்ப ஒண்ணு கவனிக்கணும். இடையின ர போட்டு விரலி. வல்லின ற போட்டு விறலின்னு எழுதினா அது சங்க காலத்துல பாணரோட போற ஆடல் மகள், மெய்ப்பாடு தோணும்படி ஆடறவ. ஒரு நோட்டீஸ்ல "விறலியைக் கொண்டு வரவும்"னு அச்சாகி இருந்தத நானே பார்த்திருக்கேன், படிச்சதும் மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு, ஒரு எழுத்துல பொருள் எங்கயோ போயிடுது.

சரி, ஓடிஜிக்கு வருவோம். விரிச்சா "ஆன் தி கோ". நம்ம பேச்சுல "போற போக்குல". இந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சுன்னா, யூஎஸ்பி 1996ல வந்தப்ப அதுல ஒரு கண்டிப்பான ஒழுங்கு இருந்துச்சு, கம்ப்யூட்டர்தான் தலை, மத்ததெல்லாம் அதுக்குக் கீழ. கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், கேமரா எதுவா இருந்தாலும் தானா வாயத் திறக்காது, கம்ப்யூட்டர் கேட்டா மட்டும்தான் பதில் சொல்லும். கேமராவ நேரா பிரிண்டர்ல சொருகினா ரெண்டும் கேள்விக்காகக் காத்துக்கிட்டு சும்மா இருக்கும், கேக்க ஆள் இல்ல. வெளியில போற எடத்துல, கம்ப்யூட்டர் இல்லாத எடத்துல, இது ரெண்டும் பேசிக்கணும்னா என்ன செய்யறதுன்னு யோசிச்சு 2001 கடைசியில யூஎஸ்பி 2.0க்கு ஒரு துணை ஏடு வெளியிட்டாங்க, அதுக்கு வச்ச பேருதான் ஆன் தி கோ. போற வழியில, நடமாட்டத்துல, மேசை கம்ப்யூட்டர் தயவு இல்லாமன்னு அர்த்தம்.

இப்ப பாருங்க, அந்தப் பேரு எங்க பயன்படுத்தலாம்னு சொல்லுதே ஒழிய அது என்ன செய்யுதுன்னு சொல்லல. அத அப்படியே தமிழ்ல கொண்டு வந்து "போக்கில்"னோ "பயணத்தில்"னோ வச்சா படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் புரியாது. எழுத்த மொழிபெயர்க்கக் கூடாது, வேலைய மொழிபெயர்க்கணும்.

வேலை என்னன்னு கிட்டப் போய்ப் பார்ப்போம். பழைய மைக்ரோ யூஎஸ்பி ஓடிஜி ஒண்ணு டிராயர்ல இருந்தா எடுத்து அம்மாவோட பூதக்கண்ணாடி வச்சு முனைக்குள்ள பாருங்க, வரிசையா அஞ்சு சின்ன உலோகக் கோடு தெரியும். தம்ப் டிரைவ் பக்கம் எண்ணுங்க, நாலுதான் இருக்கும். 5 வோல்ட் மின்சாரத்துக்கு ஒண்ணு, தரவுக்கு ரெண்டு, கிரவுண்டுன்னு சொல்ற நிலத்துக்கு ஒண்ணு. அந்தக் கூடுதல் கோட்டுக்கு ஐடின்னு பேரு, அடையாளம் சொல்ற முள். சாதாரண சார்ஜிங் கேபிள்ல அது எதோடயும் சேராம விட்டிருக்கும், ஓடிஜியில அத நிலக்கம்பியோட சேர்த்திருப்பாங்க. ஃபோன் அத தொட்டுப் பார்க்கும், நிலத்தோட சேர்ந்திருந்தா "ஓ, இப்ப நான்தான் வீட்டுக்காரன், வந்திருக்கறது விருந்தாளி"ன்னு முடிவு பண்ணி உடனே அந்தப் பக்கம் 5 வோல்ட் அனுப்ப ஆரம்பிச்சிடும். அதனாலதான் தம்ப் டிரைவ்ல குட்டி விளக்கு மினுக்குது, அந்த வெளிச்சம் உங்க ஃபோன் பேட்டரியிலேருந்து போறது. 2014ல வந்த டைப்-சியில ஐடி முள் கிடையாது, அதுக்குப் பதிலா சிசின்னு ஒரு முள்ளுல 5.1 கிலோ ஓம் மின்தடை ஒண்ணு ஒட்டிக்குள்ளேயே வச்சிருப்பாங்க, அதப் பார்த்து ஃபோன் அதே முடிவுக்கு வரும். நகம் அளவு துண்டுக்குள்ள இத்தனை நடக்குது.

இந்த வீட்டுக்காரன் வேலைக்கு இங்கிலீஷ்ல ஹோஸ்ட்னு பேரு. அதோட வேரு லத்தீன்ல ஹோஸ்பெஸ், விசேஷம் என்னன்னா லத்தீன்ல அந்த ஒரே சொல்லுக்கு விருந்து வைக்கிறவன், விருந்துக்கு வந்தவன் ரெண்டு அர்த்தமும் உண்டு. நம்ம ஃபோனும் அப்படித்தானே, கம்ப்யூட்டர்ல சொருகினா விருந்தாளி, விரலிய சொருகினா விருந்து வைக்கிறவன். தமிழுக்கு இதுல கடன் வாங்க வேண்டிய அவசியமே இல்ல. விருந்துன்னா பழந்தமிழ்ல புதுசு, புதுசா வந்தவங்க. ஓம்புன்னா பேணு, ஊட்டி வளர்த்துப் பார்த்துக்க. ஃபோன் வந்தவனுக்கு மின்சாரம் ஊட்டுது, யாரு நீ, என்ன கொண்டாந்திருக்கேன்னு விசாரிக்குது, எடத்த ஒழுங்கு பண்ணுது. இத ஓம்புதல்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது? அதனால ஓடிஜிங்கிற வசதிக்கு "ஓம்புநிலை"ன்னு வைக்கலாம்னு நான் சொல்றேன், இது நான் யோசிச்ச சொல்தான், எந்தப் பட்டியல்லயும் பார்த்து எடுத்ததில்ல. "இந்த ஃபோன்ல ஓம்புநிலை இருக்கா"ன்னு கேட்டா கேள்வி சரியா நிக்குது. சில ஃபோன்ல இந்த வசதிய செட்டிங்ஸ்ல போய் ஆன் பண்ணணும், கொஞ்ச நேரம் சும்மா இருந்தா தானா அணைஞ்சும் போயிடும், அப்ப "ஓம்புநிலை அணைஞ்சிருக்கு"ன்னா யாருக்கும் விளங்கும்.

ஆனா கையில புடிக்கிற அந்தத் துண்டுக்கு என்ன பேரு? அடாப்டர், கன்வெர்ட்டர், கனெக்டர்னு கடைக்குக் கடை ஒண்ணு சொல்றாங்க, எழுத்துத் தமிழ்ல இணைப்பின்னு எழுதுவாங்க. இணைப்பி தப்பில்ல, ஆனா ப்ளக்கும் இணைப்பி, வயரும் இணைப்பி, எல்லாமே இணைப்பி. இங்கதான் அம்மாவோட ஒட்டி வருது. ஒட்டுங்கிறது சும்மா பசை போட்டு ஒட்டறது மட்டும் இல்ல, ஒட்டு மாஞ்செடின்னு சொல்றோம்ல, ஒரு மரத்துக் கிளைய இன்னொரு மரத்து வேரோட சேர்த்துக் கட்டுறது, அதுக்கப்புறம் அந்த வேரு உறிஞ்சுற சத்துலதான் இந்தக் கிளை பூக்கும், காய்க்கும். ஃபோன்லேருந்து விரலிக்குச் சத்து போறதும் அதேதான். பெரியவங்க காதுல தப்பா விழுந்த சொல்லு நெறைய வாட்டி சரியான சொல்லா அமைஞ்சு போகுது. ஒட்டி மூணே எழுத்து, சட்டுன்னு வாயில வருது, ஓடிஜியோட ஓசையும் அதுல இருக்கு, கடைக்காரருக்கும் பாதி புரியும். குறில் ஒ, கவனம், நெடில் போட்டு ஓட்டின்னா வண்டி ஓட்டறவங்க.

அன்னைக்கு நடந்த மீதியையும் சொல்லிடறேன், ஏன்னா இதுல பலபேரு ஏமாந்து போறாங்க. ஒட்டியப் போட்டு விரலிய சொருகினதும் விளக்கு மினுக்குச்சு, ஆனா ஃபோன் படத்தக் காட்டாம, இந்த டிரைவ்ல கோளாறு, ஃபார்மேட் பண்ணணும்னு ஒரு பெட்டிய நீட்டுச்சு. அம்மா விரல் அந்த பட்டனுக்கு மேல நின்னுச்சு. நான் பக்கத்துல இல்லன்னா பெரியம்மா மாலை மாத்தின படம் எல்லாம் போயிருக்கும். ஃபார்மேட்னா இங்க உள்ள இருக்கறத எல்லாம் வழிச்சுப் போட்டு புதுசா கோடு போடறது, தமிழ்ல வடிவமைப்புன்னு மொழிபெயர்க்கறாங்க, அந்தச் சொல்ல நான் முழு மூச்சா எதிர்க்கறேன், வடிவமைப்புன்னு போட்டிருந்தா அம்மா ஏதோ அழகு பண்றாங்கன்னு அமுக்கியே இருப்பாங்க. "அழித்துச் சீரமை"ன்னு போடுங்க, அழிக்கிறதுங்கிற சொல் கண்ணுல படணும்.

விரலியில கோளாறே கிடையாது. ஃபோட்டோக்காரரு விண்டோஸ் கம்ப்யூட்டர்ல, ஃபைல அடுக்கி வைக்கிற முறைகள்ல ஒண்ணான என்டிஎஃப்எஸ் முறையில அத வச்சிருந்தாரு, பல ஃபோனுக்கு அந்த முறை படிக்கத் தெரியாது, தெரியாததக் கோளாறுன்னு சொல்லிடுது. ஃபேட்32ங்கிற முறைய அநேகமா எல்லா ஃபோனும் படிக்கும், ஆனா அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிய தாண்டக் கூடாது, கல்யாண வீடியோ சுலபமா தாண்டிடும். எக்ஸ்ஃபேட்தான் ரெண்டுக்கும் நடுவுல தோதானது, இப்ப வர்ற ஃபோன் பெரும்பாலும் படிக்குது. ஐஃபோன் வச்சிருக்கறவங்களுக்கும் 2019ல வந்த ஐஓஎஸ் 13லேருந்து ஃபைல்ஸ் ஆப்ல விரலி தெரியும், 2023ல வந்த ஐஃபோன் 15லேருந்து பொந்தும் டைப்-சிதான், அதே ஒட்டி போதும்.

அண்ணன் மகன் அவன் லேப்டாப்ல எல்லாத்தையும் எக்ஸ்ஃபேட் போட்ட இன்னொரு விரலிக்கு மாத்திக் கொண்டாந்தான். ராத்திரி அம்மா சோபாவுல உக்காந்து தானே ஒட்டிய சொருகி, விரலிய சொருகி, விளக்கு மினுக்கறதப் பார்த்துட்டு ஒவ்வொரு படமா தள்ளிக்கிட்டே வந்தாங்க. பெரியம்மா சிரிக்கிற படத்துல நிறுத்தி "இத எனக்கு ஃபோன்லயே எடுத்து வை"ன்னாங்க. காப்பி ஆகி முடியிற வரைக்கும் ஃபோன அசைக்காம ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டே இருந்தாங்க, ஒட்டி கழண்டுடக் கூடாதுன்னு.