சிசேரியன்: சீசருக்குச் சேராத சொல்

குழந்தை பிறந்த செய்தி எட்டியதும், எடை எவ்வளவு என்று கேட்ட கையோடு உறவினர் கேட்பது, “சுகப்பிரசவமா, சிசேரியனா?”

ஜூலியஸ் சீசரைத் தாய் வயிற்றைக் கீறி எடுத்தார்கள், அதனால் வந்த பெயர் என்பார்கள். நம்புவதற்கில்லை. அன்றைய ரோமில் இறந்துவிட்ட அல்லது சாகக் கிடக்கும் கர்ப்பிணியின் வயிற்றைத்தான் அறுத்தார்கள். சீசரின் தாய் அவுரேலியாவோ, மகன் படைநடத்திக்கொண்டிருந்த கி.மு. 54 வரை வாழ்ந்தவர். சீசர் என்பதும் அவருக்கு முன்பே இருந்த குடும்பப்பெயர். லத்தீனில் ‘கைடெரே’ என்றால் வெட்டுதல். பலரும் காட்டும் வேர் அதுதான். ஆனால் சீசர் கதை நம்மை விட்டபாடில்லை: ஜெர்மன் மொழியில் இன்றும் அது ‘கைசர்ஷ்னிட்’, அதாவது பேரரசர் வெட்டு; அந்தக் ‘கைசர்’ சீசர் பெயரிலிருந்து வந்ததுதான்!

தமிழில் அறுவை மகப்பேறு. அறு, அறுவை, பெறு, பேறு, மக என்றால் குழந்தை. ‘அறுவை’ என்றதும் சலிப்பூட்டும் பேச்சாளர் நினைவுக்கு வருகிறாரே என்று ஒரு நண்பர் சிரித்தார். அறுவை சிகிச்சை என்னும்போது மட்டும் யாரும் சிரிப்பதில்லை. இலங்கைத் தமிழர் சத்திரசிகிச்சை என்பார்கள். சத்திரம் அங்கே கத்தி. மருத்துவமனைச் சீட்டில் ‘எல்.எஸ்.சி.எஸ்.’ என்று இருக்கும்: கருப்பையின் கீழ்ப்பகுதியைக் கீறி எடுத்தது என்று பொருள்.

எனக்கு உறுத்தும் சொல் சுகப்பிரசவம்தான். இரவெல்லாம் வலியில் துடித்து, தையலும் போட்டுக்கொண்டு வந்தவளிடம் சுகம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். கத்தி பட்டவளோ சுகத்தைத் தவறவிட்டவள் ஆகிவிடுகிறாள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவை மகப்பேறு. இத்தனை பேரும் தவறவிட்டவர்களா? பிறப்புவழி மகப்பேறு என்றால் யாருக்கும் குறையில்லை.

அந்தக் குறையோடு இப்போது ‘சிசேரியனால் குழந்தைக்கு உடற்பருமன்’ என்ற தலைப்பும் சேர்ந்திருக்கிறது. 2016இல் வந்த அமெரிக்க ஆய்வொன்று 22,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து, அறுவையில் பிறந்தோரிடம் பருமன் வாய்ப்பு 15 விழுக்காடு கூடுதல் என்றது. பிறப்புவழியில் ஒட்டவேண்டிய நுண்ணுயிர்கள் கிடைக்காமல் போவது காரணமாகலாம் என்பது ஓர் ஊகம். 2020இல் சுவீடனில் சுமார் 97,000 இளைஞர்களை ஆராய்ந்தபோதோ, தாய் கருவுறுமுன் இருந்த எடையைக் கணக்கில் சேர்த்ததும் தொடர்பு ஏறக்குறைய மறைந்துவிட்டது. எடை கூடிய தாய்க்கு அறுவை தேவைப்படும் வாய்ப்பும் கூடுதல். அவள் பிள்ளை பருமனாகும் வாய்ப்பும் கூடுதல்.

ஆகவே அந்தத் தலைப்பில் நான் முதலில் அடித்து நீக்குவது ‘ஆல்’ உருபைத்தான். அது காரணத்தைச் சொல்லும் மூன்றாம் வேற்றுமை. ‘சிசேரியனில் பிறந்தோரிடம்’ என்று எழுதும் அளவுக்குத்தான் இதுவரை சான்று இருக்கிறது.