ஓநாயைக் கதையிலிருந்து துரத்த வேண்டாம்

என்னிடம் ஆலோசனைக்கு வரும் பெற்றோரில் பலர் பிள்ளைகளுக்கு இரவில் கதை வாசித்துக் காட்டுபவர்கள்தாம். ஆனால் ஓநாய் வரும் பக்கத்தையும் சூனியக்காரி அடுப்பை மூட்டும் பக்கத்தையும் சத்தமில்லாமல் புரட்டித் தாண்டிவிடுகிறார்கள். பிஞ்சு மனத்தில் பயம் பதிந்துவிடக் கூடாதே என்ற அக்கறைதான் காரணம். குழந்தை மனநல மருத்துவராக நான் அவர்களிடம் சொல்வது வேறு: கதைக்குள் வரும் பயம் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை; முடிவு சொல்லப்படாமல் விடப்படும் பயம்தான் பிள்ளையின் மனத்தில் தங்கிவிடுகிறது.

ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன், தாய் வேலைக்குக் கிளம்பும் ஒவ்வொரு காலையும் அழுது அடம்பிடித்தான். இரவானால் அவன் கேட்டது ஒரே கதைதான்: ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஓநாயும் ஏழு ஆட்டுக்குட்டிகளும். தாய் ஆடு வெளியே போன நேரம் பார்த்து, சுண்ணாம்புக்கட்டியைத் தின்று குரலை மென்மையாக்கி, பாதத்தில் மாவைப் பூசிக்கொண்டு வரும் ஓநாய், குட்டிகளை ஏமாற்றிக் கதவைத் திறக்கவைத்து ஆறு பேரை விழுங்கிவிடுகிறது. கடிகாரப் பெட்டிக்குள் ஒளிந்துகொண்ட கடைக்குட்டி மட்டும் தப்பித்து, திரும்பி வரும் தாயிடம் நடந்ததைச் சொல்கிறது. இந்தக் கதைதான் பிள்ளையைக் கெடுக்கிறது என்று எண்ணிய தாய், ஓநாயை விருந்தாளியாக மாற்றிச் சொல்லிப் பார்த்தார். “அப்படி இல்லம்மா” என்று அவன் ஒவ்வொரு முறையும் திருத்தினான்.

அவன் திருத்தியதில் நியாயம் இருந்தது. அம்மா வெளியே போகிறாள், ஆபத்து வருகிறது, அம்மா திரும்பி வந்து ஓநாயின் வயிற்றிலிருந்து பிள்ளைகளை மீட்கிறாள். பகலில் அவனால் சொல்ல முடியாமல் அழுகையாக மட்டும் வெளிப்பட்ட கவலை, அந்தக் கதையில்தான் தொடக்கமும் முடிவும் உள்ளதாக அவனுக்குக் கிடைத்தது. கதையைப் பழையபடியே சொல்லும்படி தாயிடம் கூறினேன். காலை அழுகை பிறகு குறைந்தது. அது கதையால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன், பிரிவுப் பதற்றத்துக்கு வழக்கமாகத் தரும் பயிற்சிகளும் கூடவே நடந்தன. ஆனால் “எத்தனை மணிக்கு வருவாய்” என்று நேரடியாகக் கேட்க முடியாத அந்தப் பிள்ளையோடு, கடிகாரப் பெட்டியைப் பற்றிப் பேசிப் பேசியே மற்றதையெல்லாம் பேச முடிந்தது.

முடிவு எவ்வளவு முக்கியம் என்பதைக் கதைகளின் வரலாறே காட்டுகிறது. 1697-இல் பிரான்சில் சார்லஸ் பெரோ வெளியிட்ட சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதை, ஓநாய் அவளைத் தின்பதோடு முடிந்து, அதன் பின் ஓர் அறிவுரைச் செய்யுள் மட்டுமே வருகிறது. 1812-இல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட வடிவத்திலோ, வேட்டைக்காரர் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்துச் சிறுமியையும் பாட்டியையும் உயிரோடு மீட்கிறார். இன்று குழந்தைகளுக்குப் பெரும்பாலும் சொல்லப்படுவது இந்த இரண்டாவது முடிவுதான். 1857-இல் வந்த ஏழாம் பதிப்பு வரை கிரிம் சகோதரர்கள் தங்கள் தொகுப்பின் கதைகளைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். ஸ்னோ வைட் என்ற சிறுமியைக் கொல்லத் துணியும் பெற்ற தாய் 1819 பதிப்பில் மாற்றாந்தாய் ஆனாள் (மாற்றாந்தாய் உள்ள வீடுகளில் இந்தக் கதையைச் சற்று யோசித்தே சொல்ல வேண்டும்). குழந்தைகள் கசாப்புக்காரர் விளையாட்டு விளையாடிக் கொலையில் முடியும் கதை அடியோடு நீக்கப்பட்டது. அந்த நீக்கத்தில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. அதில் இறந்த பிள்ளைக்கு மீட்சியே இல்லை.

நம் பக்கத்தில், 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவைப் படித்து வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிணத்தைத் தோளில் சுமந்து, கையில் வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை, ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தை, தலை நரைத்தவர்களும் மறந்திருக்க மாட்டார்கள். சுடுகாடும் வேதாளமும் பிள்ளைகளுக்கு ஆகாது என்று யாரும் அந்தப் பக்கத்தைக் கிழித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அங்கே பயத்தோடு ஒரு புதிரும் வந்தது. அரசன் வாய் திறப்பதற்கு முன் நாமே விடை சொல்லிப் பார்க்கும் வாய்ப்பும் வந்தது.

அதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பதைப் பற்றியும் பெற்றோர் அலுத்துக்கொள்கிறார்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், வெவ்வேறு கதைகளைக் கேட்ட மூன்று வயதுப் பிள்ளைகளைவிட, ஒரே கதையைப் பல முறை கேட்ட பிள்ளைகள் புதிய சொற்களை நன்றாகக் கற்றிருந்தார்கள். இரு குழுவினரும் அச்சொற்களைக் கேட்ட எண்ணிக்கை சமம்தான். சொல்லுக்குப் பொருந்துவது பயத்துக்கும் பொருந்தும் என்பது என் அனுபவம். அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் பிள்ளை ஓநாயைத் துணிவோடு எதிர்கொள்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. “சாப்பிடலைன்னா பூச்சாண்டி பிடிச்சிட்டுப் போயிடுவான்” என்பது கதை அன்று, மிரட்டல். அந்தப் பூச்சாண்டியை வெல்ல யாரும் வருவதில்லை, அவன் போய்விட்டதாகவும் யாரும் சொல்வதில்லை, மிரட்டுபவரோ பிள்ளை நம்பியிருக்கும் பெரியவர். இருட்டுக்கு அஞ்சி என்னிடம் அழைத்து வரப்படும் பிள்ளைகளின் வீடுகளில் ஓநாய்க் கதையைவிட இந்தப் பூச்சாண்டியைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன். கைபேசியில் ஓடும் பயங்கரக் காணொளிகளும் ஏறக்குறைய இதே வகைதான்: மடியில் உட்கார்ந்து கேட்கும் ஓநாய் பிள்ளை கற்பனை செய்யும் அளவுக்கே பெரிதாகும், திரையில் வருவதன் அளவைப் பிள்ளை தீர்மானிக்க முடியாது.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஓநாய் தேவையில்லை. கண்ணாமூச்சியும் காக்கா நரியும் போதும். அதற்கு மேல், வாசிக்கும்போது பிள்ளை முகத்தை மூடிக்கொண்டால் புத்தகத்தைச் சட்டென்று மூடிவிடாமல், குரலைத் தணித்து, மீட்சி வரும் இடம் வரை சுருக்கமாகவாவது சொல்லி முடியுங்கள். வேண்டாம் என்று பிள்ளையே உறுதியாகச் சொன்னால், கடைசியில் எல்லோரும் பிழைத்துவிட்டார்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள். அடுத்த இரவு அதே கதையைக் கேட்பதா வேண்டாமா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். கதையை நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் தூக்கம் கெட்டாலோ, பள்ளி செல்லும் காலைகளில் மட்டும் வயிற்றுவலி வந்தாலோ, பழியை ஓநாயின் மேல் போட்டுவிட்டு இருந்துவிடாமல் பிள்ளையை மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.