கேமராவை ஏன் நிறுத்தாமல் திருப்பினார்கள்?

வட ஜெர்மனியில் நாஜிகள் நடத்திய பெர்கன்-பெல்சன் வதைமுகாமில் 1945 ஏப்ரலில் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்த படச்சுருள்களைப் பார்த்தால், ஓர் அசைவு திரும்பத் திரும்ப வரும். குழி விளிம்பில் நிற்பவர்களின் முகத்தில் தொடங்கும் கேமரா, இடையில் வெட்டே இல்லாமல் மெதுவாகக் குழிக்குள் கிடக்கும் உடல்களுக்குத் திரும்பும். அழகுக்காக எடுத்ததில்லை. முகம் ஒரு துண்டு, குழி இன்னொரு துண்டு என்று தனித்தனியாக எடுத்தால், 'இரண்டையும் எங்கேயோ எடுத்து ஒட்டிவிட்டார்கள்' என்று நாளைக்கு ஒருவன் சொல்லலாம். ஒரே ஓட்டத்தில் எடுத்தால் அப்படிச் சொல்வது கஷ்டம். பின்னர் இந்தச் சுருள்களை லண்டனில் படமாகத் தொகுத்தபோது, ஆலோசனை சொல்ல வந்த திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கும் இதையேதான் வலியுறுத்தினார்: நீண்ட, வெட்டாத காட்சிகள். சினிமாவில் ஏமாற்று வேலை எப்படி நடக்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் படை நுழைந்தபோது, முகாமில் உயிரோடு இருந்தவர்கள் சுமார் 60,000 பேர். புதைக்கப்படாமல் கிடந்த உடல்கள் ஏறக்குறைய 13,000. பட்டினியும் டைபஸ் காய்ச்சலும்தான் பெரும்பாலோரைக் கொன்றிருந்தன. படம் எடுத்தவர்கள் ராணுவத்தின் சார்ஜென்ட்கள். அவர்களில் ஒருவரான மைக் லூயிஸ், போலந்திலிருந்து குடியேறிய யூதப் பெற்றோரின் மகன்.

சரி, அந்த ஃபிலிமுக்குள் என்ன நடக்கிறது? பிளாஸ்டிக் பட்டை ஒன்றின் மேல் ஜெலட்டின் பூச்சு, அதற்குள் கண்ணுக்குத் தெரியாத வெள்ளி புரோமைடு படிகங்கள். லென்ஸ் வழியே வரும் ஒளி ஒரு படிகத்தில் பட்டால், அதில் சில வெள்ளி அணுக்கள் மட்டும் விடுபடும். அப்போது படம் எதுவும் தெரியாது. டெவலப்பர் கரைசலில் போட்டதும், அந்த ஒருசில அணுக்களைப் பிடித்துக்கொண்டு முழுப் படிகமும் கறுப்பு வெள்ளித் துகளாக மாறும். ஒளி படாத படிகங்களை அப்புறம் ஹைப்போ என்ற இன்னொரு கரைசல் கரைத்துவிடும். மிஞ்சுவதுதான் நெகடிவ்.

இந்தத் துகள்கள் சீரான வரிசையில் இருப்பதில்லை, இஷ்டத்துக்குச் சிதறிக் கிடக்கும். படத்தில் யாராவது கைவைத்தார்களா என்று கண்டுபிடிக்க அதுதான் நமக்கு வசதி. ஸ்டுடியோக்காரர்கள் நெகடிவில் பென்சில் வைத்து முகப்பருவை மறைப்பார்களே, லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தக் கோடு துகள்களோடு ஒட்டாமல் மேலே நிற்கும். ஏற்கெனவே எடுத்த இரண்டு படங்களை ஒன்றாக்க வேண்டுமென்றால் மறுபடி படமெடுத்தாக வேண்டும். ஒவ்வொரு நகலிலும் துகள் பெருத்துத் தெரியும், நுணுக்கம் குறையும். அப்படிச் செய்த ஒட்டுப்படம் நகல்தான். கேமராவுக்குள் ஓடிய அசல் சுருளாக அது இருக்க முடியாது.

நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றத்தில் 1945 நவம்பர் 29 அன்று, நேச நாட்டுப் படைகள் பல முகாம்களில் எடுத்த காட்சிகளைத் திரையிட்டார்கள். 80,000 அடி ஃபிலிமிலிருந்து 6,000 அடி, அதாவது ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதோடு சேர்த்துத் தாக்கலான பிரமாணப் பத்திரங்களில் ஒன்று கெல்லாக் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரியுடையது. போருக்கு முன் அவர் ஹாலிவுட்டில் தந்திரக் காட்சி நிபுணர். படங்களில் எந்தத் திருத்தமும் இல்லை என்று அவர் சான்று சொன்னார். திருட்டைக் கண்டுபிடிக்கத் திருட்டின் நெளிவுசுளிவு தெரிந்தவரையே அழைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த வழக்கில் மிகவும் பிடித்த விவரம் இதுதான்.

ஆனால் வேதியியல் பாதி வேலையைத்தான் செய்யும். திருத்தாத படமும் பொய் சொல்லலாம். ஜெர்மனியின் நார்ட்ஹவுசன் முகாமில் வரிசையாகக் கிடத்திய உடல்களின் படங்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். அங்கே இறந்தவர்களில் பலர், ஏப்ரல் 3, 4 தேதிகளில் நடந்த பிரிட்டிஷ் விமானக் குண்டுவீச்சில் மாண்ட கைதிகள். அவர்களை அங்கே அடைத்துவைத்துப் பட்டினி போட்டவர்கள் நாஜிகள், சந்தேகமில்லை. ஆனாலும் 'விஷவாயுவால் கொல்லப்பட்டவர்கள்' என்று கீழே எழுதினால் அது தப்பு. நாஜிகளின் படுகொலை நடக்கவே இல்லை என்று சொல்லும் மறுப்பாளர்கள் இந்த மாதிரித் தப்புக்காகத்தான் காத்திருப்பார்கள்.

பெல்சனின் புல்டோசர் படமும் அப்படித்தான். உடல்களைக் குழிக்குத் தள்ளும் அந்த இயந்திரத்தை ஓட்டுபவர் மூக்கை மூடிக்கொண்ட பிரிட்டிஷ் வீரர். டைபஸ் பரவாமல் சீக்கிரம் புதைக்க வேறு வழி தெரியாமல் செய்தது. ஓட்டுநரை வெட்டிவிட்டுப் பாருங்கள், நாஜிகளே தள்ளுவதுபோல் ஆகிவிடும்.

இதனால்தான் ராணுவப் படக்காரர்கள் ஒவ்வொரு சுருளோடும் ஒரு தாளை அனுப்பினார்கள். எந்த இடம், எந்த நாள், யார் தெரிகிறார்கள், யார் எடுத்தது என்று எழுதிய தாள். அவர்கள் பேச்சில் 'டோப் ஷீட்'.

மே 21 அன்று முகாமின் கடைசிக் கொட்டகையை நோய்க்குப் பயந்து தீவைத்து எரித்தார்கள். இப்போது அங்கே போனால் புல்வெளியும், கூட்டாகப் புதைத்த மண்மேடுகளும், நினைவுக் கற்களும்தான். கொட்டகைகளைப் பார்க்க வேண்டுமானால் லண்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகத் தொகுப்புக்குத்தான் போக வேண்டும். சுருள்களும் அந்தத் தாள்களும் அங்கேதான் இருக்கின்றன.