வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு: போகுமுன் தெரிந்திருக்க வேண்டியவை

"தனியார் வேலைக்குப் போனா கார்டு கேன்சல் ஆயிடுமாமே?"

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கேட்டவர்களில் ஒரு பெண்ணை மறக்க முடியவில்லை. பி.ஏ. முடித்தவர். யாரோ சொன்னதை நம்பி, பதிவு மூப்பை, அதாவது எத்தனை ஆண்டாகப் பதிவில் இருக்கிறோம் என்ற முன்னுரிமையை, காப்பாற்ற வேண்டும் என்று எட்டு வருடம் எந்த வேலைவாய்ப்பு முகாமுக்கும் போகவில்லை. அந்தப் பதிவோ, புதுப்பிக்காததால் எப்போதோ காலாவதியாகியிருந்தது. அவராகப் போய்க் கேட்கும்வரை அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகாது. தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் இப்போதைய பெயர் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். அது நடத்தும் முகாமில் தேர்வாகித் தனியார் வேலைக்குச் சேர்ந்தாலும் உங்கள் பதிவு ரத்தாகாது. முகாம் அறிவிப்புகளிலேயே இந்த வரி இருக்கும், யாரும் படிக்காத கடைசிப் பத்தியில்.

மையத்தின் பெயரில் உள்ள 'தொழில்நெறி வழிகாட்டும்' என்ற சொற்களைக் கவனியுங்கள். அடுத்து என்ன படிக்கலாம், எந்த வேலைக்கு மாறலாம் என்று கேட்கவும் அங்கே போகலாம். ஆனால் ஜன்னலில் போய் "பதிவு பண்ணணும்" என்றால் "ஆன்லைன்ல போடுங்க" என்ற ஒரே பதிலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். "தொழில்நெறி வழிகாட்டுதலுக்கு வந்திருக்கிறேன், யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேளுங்கள். அரசுப் போட்டித் தேர்வுக்குப் படிக்க நினைப்பவர்கள் 'தன்னார்வப் பயிலும் வட்டம்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்தத் தேர்வுகளுக்கு மையமே நடத்தும் இந்த வகுப்பு இலவசம். ஆதார் நகல், புகைப்படம், தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தால் அதன் நகல் ஆகியவற்றைக் கையில் வைத்திருந்தால் இன்னொரு முறை அலைய வேண்டாம். இதே பாடத்துக்கு நகை அடகு வைத்துக் கோச்சிங் சென்டரில் பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு வகுப்பு நடப்பதே அவர்களுக்குத் தெரியாது.

இனி பதிவு. 3 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். எந்த மாதம் என்பது அட்டையிலேயே இருக்கும். நினைவூட்டல் வரும் என்று காத்திருக்காதீர்கள். தவறவிட்டால் அதுவரை சேர்ந்த மூப்பு போய்விடும். அரசு எப்போதாவது சிறப்புச் சலுகை அறிவித்து, விட்டவர்களைப் புதுப்பிக்க அனுமதிக்கும். அது எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. புதுப்பித்ததும் பிரிண்ட் எடுத்து வையுங்கள். "சிஸ்டத்தில் ஏறவில்லை" என்று சொல்லும்போது அந்தத் தாள்தான் பேசும்.

இன்னொரு பள்ளம், கூடுதல் கல்வித் தகுதி. பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டையும் பள்ளியிலேயே பதிந்து கொடுத்துவிடுகிறார்கள். கல்லூரி முடித்ததும் பட்டத்தை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். பட்டத்துக்கான மூப்பு, அதைச் சேர்த்த நாளிலிருந்துதான் ஓடும். 2019இல் வாங்கிய பட்டத்தை 2024இல் சேர்த்தால் அந்த 5 ஆண்டுக்குக் கணக்கே கிடையாது.

சேர்க்கத் தாமதித்தால் உதவித்தொகையிலும் இடிக்கும். வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை மாதத்துக்குப் பத்தாம் வகுப்பு தவறியவர்களுக்கு 200 ரூபாய், தேர்ச்சி பெற்றவர்களுக்கு 300, பன்னிரண்டு முடித்தவர்களுக்கு 400, பட்டதாரிகளுக்கு 600. மூன்று ஆண்டு தருவார்கள், காலாண்டுக்கு ஒரு முறை வங்கிக் கணக்கில் வரும். பட்டதாரிக்கு மொத்தமாக 21,600 ரூபாய். தேர்வுக் கட்டணத்துக்கும் பேருந்துக்குமாவது ஆகும். ஆனால் அந்தத் தகுதியைப் பதிந்து, விடாமல் புதுப்பித்து, 5 ஆண்டு காத்திருந்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு ஓராண்டு போதும். அவர்களுக்குத் தொகையும் கூடுதல், தருவது பத்தாண்டு, வருமான வரம்பும் கிடையாது.

மற்றவர்களுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதாவது மாதம் 6,000. கூலி வேலைக்குப் போகும் ஒருவர் வீட்டில் இருந்தாலே தாண்டிவிடுகிற தொகை இது. இதை வைத்துக்கொண்டு இளைஞர்களுக்கு உதவுகிறோம் என்று சொல்வது எனக்கு உறுத்துகிறது. வயது 40க்குள் இருக்க வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 45. பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்குக் கிடையாது. பி.இ. முடித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்கள் இதற்காக வரிசையில் நிற்க வேண்டாம். கல்லூரிக்கு நேரில் போய்ப் படிப்பவர்களுக்கும் இல்லை, அஞ்சல் வழியில் படிப்பவர்கள் வாங்கலாம்.

கிடைத்த பிறகும் ஒரு கண்ணி உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பணம் வருவது நின்றுவிடும், ஏன் நின்றது என்று கடிதம் வராது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் இரண்டு காலாண்டாக வங்கிக்கும் அலுவலகத்துக்கும் நடந்தான். ஒவ்வொரு இடத்திலும் மற்ற இடத்தைக் கை காட்டினார்கள். கடைசியில் பார்த்தால், அவன் கொடுக்காமல் விட்டது அந்த உறுதிமொழித் தாளைத்தான். முதல் தவணை வந்த அன்றே, "உறுதிமொழி எந்த மாதம் தர வேண்டும்?" என்று கேட்டு எழுதி வையுங்கள். கொடுக்கும்போது நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். உதவித்தொகை வாங்குவதாலும் பதிவு ரத்தாகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பயத்தில் விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் ஏராளம்.

வேறு தொழிலுக்கு மாற நினைக்கும் பெண்களுக்கு ஒன்று. தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) சேர்க்கையில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை, ஆண்களுக்கு 40. "இந்த வயசுல எதுக்கும்மா?" என்று யாராவது கேட்டால் சேர்க்கை அறிவிப்பை எடுத்துக் காட்டிவிட்டு விண்ணப்பத்தைக் கொடுங்கள்.