அலாய் வீலின் முதுகைப் பாருங்கள்

போன மழைக்காலத்தில் ஒரு தம்பி தன் ஆடி டிடி ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்தினார். 2012 மாடல், பெங்களூரில் மூன்றாவது கையாக வாங்கியது. கார் ஓட்டுவதில் அப்படி ஒரு பித்து. வருடக்கணக்கில் பணம் சேர்த்து வாங்கியிருக்கிறார். "அண்ணா, முன்னாடி இடது டயர்ல மூணு நாளைக்கு ஒருக்கா காத்து இறங்கிடுதுங்க. ரெண்டு கடைல பாத்துட்டேன், பஞ்சரே இல்லைங்கிறாங்க" என்றார்.

வீலைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினேன். டயரில் ஒரு குமிழிகூட இல்லை. வால்விலும் இல்லை. வீலைத் திருப்பிப் போட்டு உள்பக்கம் முக்கியபோதுதான் வரிசையாகக் குமிழி வந்தது. பிரேக் பக்கம் பார்க்கும் உள் விளிம்பில் நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு விரிசல். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணாடி மாதிரி பளபளக்கும் 19 அங்குல வீல். வாங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. இந்த விரிசலோடு அவர் இரண்டு முறை வால்பாறை போய் வந்திருக்கிறார். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், ஏறும்போதும் இறங்கும்போதும். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

கோவையில் இருபது வருடமாக வீல் அலைன்மென்ட், பேலன்சிங் வேலை பார்க்கிறேன். குறைந்த விலையில் வீல் வாங்குவதை நான் தப்பு என்று சொல்லவே மாட்டேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர்கள் எல்லாரும் கோடீஸ்வரர்கள் இல்லை. கம்பெனி ஷோரூமில் ஒரு வீலுக்குச் சொல்லும் விலையைக் கேட்டால் யாருக்கும் வெளியில் தேடத்தான் தோன்றும். தேடுங்கள். ஆனால் கடைக்காரர் காட்டும் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். வீலைக் கவிழ்த்து முதுகைப் பாருங்கள். உங்கள் உயிருக்கு வேண்டிய விவரமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

அந்தத் தம்பியின் வீலுக்குப் பின்னால் இருந்தது இவ்வளவுதான்: 19x8.5, ஈடி 35, 5x112 (இவற்றின் பொருளைப் பிறகு சொல்கிறேன்). தயாரித்தவர் பெயர் இல்லை. தேதி இல்லை. எத்தனை கிலோ தாங்கும் என்ற எண் இல்லை. நல்ல வீல் எதுவானாலும் ஸ்போக்கின் பின்பக்கத்திலோ ஹப் (காரில் வீலை மாட்டும் நடுப்பகுதி) உட்காரும் இடத்தைச் சுற்றியோ சுமை எண் வார்ப்பிலேயே பதிந்திருக்கும். 'மேக்ஸ் லோட்' என்று எழுதிப் பக்கத்தில் 690 கிலோ என்பது போல இருக்கும். ஜப்பான் தரத்துக்குச் செய்ததென்றால் ஜேடபிள்யூஎல் என்றும், அதைத் தனி அமைப்பு சோதித்துப் பதிவு செய்திருந்தால் விஐஏ என்றும் முத்திரை இருக்கும். ஜெர்மனி அனுமதி பெற்றதில் கேபிஏ என்று ஒரு எண் வரும். இந்த முத்திரைகளுக்குப் பின்னால் உண்மையான சோதனை இருக்கிறது. வீலைச் சுழலவிட்டு வளைத்துப் பார்ப்பார்கள், டயரோடு உருளைமேல் சுமை வைத்து ஓட்டுவார்கள், விளிம்பில் எடையைப் போட்டு இடித்துப் பார்ப்பார்கள். வெறும் ஜேடபிள்யூஎல் எழுத்தை யார் வேண்டுமானாலும் அச்சில் செதுக்கிவிடலாம். அதனால் முத்திரை, சுமை எண், தயாரிப்பாளர் பெயர் மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் நான் நம்புவேன்.

எத்தனை கிலோ போதும்? கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தட்டில் ஒவ்வோர் அச்சுக்கும் (ஆக்சில்) அதிகபட்ச எடை போட்டிருக்கும். அதைப் பாதியாக்குங்கள். முன் அச்சுக்கு 1,000 கிலோ என்றால் ஒரு வீல் குறைந்தது 500 கிலோ தாங்க வேண்டும். நம் சாலைக்கு நான் இன்னும் நூறு கிலோ கூட்டித்தான் கேட்பேன். சிறிய காருக்கென்று செய்த மெல்லிய வீல், துளை பொருந்துகிறது என்பதற்காகவே கனமான காரில் ஏறிவிடுகிறது. இதை அடிக்கடி பார்க்கிறேன்.

துளை பொருந்துவது என்றால் பிசிடி. 5x112 என்றால் ஐந்து போல்ட்டும் 112 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் இருக்கின்றன. டிடிக்கும் அதுதான், ஸ்கோடா ஆக்டேவியாவுக்கும் அதுதான், மெர்சிடிஸ் கார்கள் பலவற்றுக்கும் அதுதான். ஆனால் நடு ஓட்டை வேறு. டிடியின் ஹப் 57.1 மில்லிமீட்டர், மெர்சிடிஸ் 66.6. வெளிச்சந்தை வீல்கள் பலவற்றில் எல்லாக் காருக்கும் பொருந்தட்டும் என்று 73.1 வைத்துவிடுகிறார்கள். அதை டிடியில் மாட்டினால் சுற்றிலும் எட்டு மில்லிமீட்டர் இடைவெளி. வீலை நடுவில் நிறுத்த ஒன்றும் இல்லாமல், போல்ட் இழுத்த இழுப்பில் ஒரு பக்கம் ஒதுங்கி உட்காரும். பிறகு எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். பேலன்சிங் கடை மாற்றி மாற்றி ஈயம் ஒட்டினாலும் அது போகாது. ஹப் ரிங் என்று ஒரு வளையம் போட்டால் போதும், சில நூறு ரூபாய்தான். ஸ்போர்ட்ஸ் காரின் பிரேக் சூட்டுக்கு பிளாஸ்டிக் வளையம் இளகிப்போகும். அலுமினியத்தில் வாங்குங்கள்.

இதைவிட ஆபத்தானது போல்ட். அதைக் கவனிப்பவர்கள் குறைவு என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். ஆடி, ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களின் கம்பெனி போல்ட்டில், வீலோடு உட்காரும் பகுதி பந்து மாதிரி உருண்டிருக்கும். வெளிச்சந்தை வீல்களில் பெரும்பாலும் போல்ட் உட்காரும் குழி, அதாவது சீட், கூம்பு வடிவம், 60 டிகிரி. உருண்டையைக் கூம்பில் வைத்து முறுக்கினால் இறுகிய மாதிரிதான் தெரியும். குறித்த இறுக்கம் வந்ததைக் காட்டும் டார்க் ரெஞ்ச்கூட 'டிக்' என்று சொல்லிவிடும். உண்மையில் ஒரு மெல்லிய வட்டக்கோட்டில் மட்டும்தான் இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும். ஓடஓட அந்த இடம் நசுங்கி போல்ட் தளரும். மெர்சிடிஸ் போல்ட்டும் உருண்டைதானே என்பார்கள். அந்த உருண்டையின் ஆரமும் ஆடியுடையதும் ஒன்றல்ல. வீல் விற்கிறவரிடம் "இதன் சீட் என்ன, அதற்கேற்ற போல்ட் தருவீர்களா?" என்று கேளுங்கள். பதில் தெரியாமல் விழித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

போல்ட்டின் நீளமும் முக்கியம். வீலின் அடித்தட்டு தடிமனாக இருந்தாலோ வீலுக்கும் ஹப்புக்கும் நடுவே ஸ்பேசர் தட்டு போட்டாலோ பழைய போல்ட் ஹப்புக்குள் போதுமான அளவு இறங்காது. மரை இறங்கும் நீளம் போல்ட்டின் விட்டம் அளவுக்காவது இருக்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. டிடியில் போல்ட் 14 மில்லிமீட்டர், மரை இடைவெளி ஒன்றரை. அப்படியானால் கையால் ஒன்பது சுற்றுக்கு மேல் போக வேண்டும். மாட்டும்போது பக்கத்தில் நின்று எண்ணுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஹப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டில் நட் மாட்டும் கார்களில் வேறு சிக்கல். ஸ்விஃப்ட்டுக்கு மரை 1.25, ஹோண்டாவுக்கு 1.5. இரண்டும் 12 மில்லிமீட்டர்தான். மாறிப்போனதைக் கவனிக்காமல் ஏர் கன்னில் அடித்து ஸ்டட்டையே அழித்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

சரி, ஈடி எண்ணுக்கு வருவோம். வீலின் அகலத்தில் நடுக்கோட்டிலிருந்து ஹப் உட்காரும் தளம் எவ்வளவு வெளியே இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். ஈடி எண் குறையக் குறைய வீல் வெளியே தள்ளிக்கொண்டு வரும். அந்த டிடிக்குக் கம்பெனி கொடுத்தது 9 அங்குல அகலம், ஈடி 52. அவர் மாட்டியிருந்தது 8.5 அங்குலம், ஈடி 35. அகலம் குறைந்ததால் வெளி விளிம்பு 6.35 மில்லிமீட்டர் உள்ளே போகிறது, ஆஃப்செட்டால் 17 மில்லிமீட்டர் வெளியே வருகிறது. கடைசியில் 10.65 மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது. பார்க்க முறுக்காக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குழியில் இறங்கும்போது மட்கார்டில் உரசும். வீல் பேரிங்கின்மேல் இழுப்பு கூடும். மேடு பள்ளத்தில் ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். நன்றாகத் திரும்ப வேண்டும் என்று வாங்கிய காரில் அந்தக் குணத்தையே கெடுத்துக்கொள்வது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. கம்பெனி எண்ணிலிருந்து ஐந்து மில்லிமீட்டருக்குள் நில்லுங்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

எந்த அளவு வீல் என்பதில்தான் உண்மையான சிக்கனம் இருக்கிறது. 245/40 ஆர்18 (அகலம் 245 மில்லிமீட்டர், சுவர் அதில் 40 சதவீதம், ரிம் 18 அங்குலம்) டயரின் மொத்த விட்டம் 653 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் 98. 245/35 ஆர்19 எடுத்தால் விட்டம் ஒரு மில்லிமீட்டர்தான் கூடும், ஆனால் சுவர் 86-க்கு இறங்கிவிடும். அதையே 245/45 ஆர்17 ஆக்கினால் விட்டம் 652, சுவர் 110. மூன்றும் ஸ்பீடோமீட்டருக்கு ஒன்றுதான், சாலைக் குழிக்கு ஒன்றல்ல. அவினாசி சாலையில் மழைத் தண்ணீர் மூடிக் கிடக்கும் குழியில் விழும்போது ரிம்முக்கும் தாருக்கும் நடுவே இருப்பது அந்தச் சுவர் மட்டும்தான். 19-லிருந்து 17-க்கு வந்தால் 24 மில்லிமீட்டர் ரப்பர் கூடுதலாகக் கிடைக்கிறது. வீலும் விலை குறைவு, டயரும் விலை குறைவு. எடையும் பொதுவாகக் குறைவு. பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பர் தட்டாமல் இருக்கிறதா என்பதை மட்டும் மாட்டிச் சுற்றிப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்த டிடி மாடலுக்குக் கம்பெனியே 17, 18, 19 மூன்றும் கொடுத்திருக்கிறது. இன்னொன்று, அது நான்கு வீலும் இழுக்கும் குவாட்ரோ. நான்கு டயருக்கும் ஒரே விட்டம் இருக்க வேண்டும். பின்னால் மட்டும் பெரிதாகப் போடும் ஆசை அதில் செல்லாது.

எடை என்றதும் நினைவுக்கு வருகிறது, கடையில் ஒரு தராசு வைத்திருக்கிறேன். அந்த 19 அங்குல வீல் டயர் இல்லாமலே 13.2 கிலோ இருந்தது. ஃப்ளோ ஃபார்ம் முறையில் செய்த 18 அங்குல வீல் ஒன்று 9 கிலோ சொச்சம்தான் வந்தது. சாதாரண வார்ப்பு வீலில் உருகிய அலுமினியத்தை அச்சில் ஊற்றி ஆறவைப்பதோடு வடிவம் முடிந்துவிடும். ஃப்ளோ ஃபார்மில் நடுப்பகுதியை வார்த்துவிட்டு, விளிம்புப் பகுதியைச் சூடாக்கிச் சுழற்றி உருளைகளால் அழுத்தி இழுப்பார்கள். உலோகம் நெருங்கி, மெல்லியதாகவும் உறுதியாகவும் ஆகிவிடும். அடித்துச் செய்யும் ஃபோர்ஜ்டு வீல் இதைவிடச் சிறந்தது, ஆனால் விலை எட்டாது. என்கெய், கோனிக் மாதிரி நிறுவனங்கள் விற்கும் ஃப்ளோ ஃபார்ம் வகைதான் நடுத்தர பட்ஜெட்டில் புதிதாக வாங்குபவர்களுக்கு நான் காட்டும் வழி.

பட்ஜெட் அதற்கும் கீழே என்றால், பெயர் தெரியாத புது வீலைவிடப் பழைய கம்பெனி வீல் மேல். பெரிய வீலுக்கு மாறியவர்கள் கழற்றிப்போட்ட செட்டுகள் எப்போதும் விற்பனைக்கு வரும். பெயின்ட் போனது, கிர்பில் (நடைபாதை ஓரக் கல்லில்) உரசியது எல்லாம் பரவாயில்லை. புதிதாகப் பவுடர் கோட்டிங் அடித்து வைத்த பழைய வீலைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. உள் விளிம்பையும், ஸ்போக் வந்து சேரும் மூலைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் டை பெனிட்ரன்ட் ஸ்ப்ரே அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்புச் சாயம் விரிசலுக்குள் இறங்கி, வெள்ளைப் பொடி அடித்ததும் கோடாக எழுந்து வரும். பிறகு டயர் இல்லாமல் பேலன்சிங் மெஷினில் சுற்றி ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் அரை மில்லிமீட்டர் தாண்டினால் யோசிப்பேன், ஒரு மில்லிமீட்டர் தாண்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

விரிசலை வெல்டு வைத்தது, பழைய துளையை அடைத்துப் புதுத் துளை போட்டது, கேஸ் தீ காட்டிப் பெண்டு எடுத்தது, இந்த மூன்றையும் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். நல்ல அலாய் வீலை 540 டிகிரி அளவில் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, பிறகு 150 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் வைத்துப் பதம் ஏற்றியிருப்பார்கள். தெருவில் அடிக்கும் கேஸ் தீ அந்தப் பதத்தை அந்த இடத்தில் அழித்துவிடும். பார்க்க நேராக இருக்கும், உள்ளே உலோகம் தளர்ந்திருக்கும்.

வீல் அளவை மாற்றினால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. கம்பெனி அந்த மாடலுக்குக் கொடுத்த அளவுகளுக்குள் நின்றால் பெரும்பாலான தலைவலி வராது.

அந்தத் தம்பி மற்ற மூன்று வீலையும் சோதிக்கச் சொன்னார். இன்னொன்றிலும் ஸ்போக் அடியில் மயிரிழைக் கோடு இருந்தது. அவர் முகம் வாடிவிட்டது. வாங்கிய இடத்தில் பணமும் திரும்பவில்லை. மூன்று வாரம் தேடி, கொச்சியில் ஒருவர் கழற்றி வைத்திருந்த கம்பெனி 17 அங்குல செட் பிடித்தோம். 8.5 அகலம், ஈடி 50. இரண்டில் கிர்பில் உரசிய தழும்பு, வேறு குறை இல்லை. அவருடைய பழைய கம்பெனி போல்ட்டே அதற்குச் சரியாக உட்கார்ந்தது. ஹப் தளத்தில் துருவைத் தேய்த்துச் சுத்தம் செய்து, போல்ட்டைக் கையால் ஒன்பது சுற்றுக்கு மேல் விட்டு, நட்சத்திர வரிசையில் 120 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கிக் கொடுத்தேன். எண்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி வரச் சொன்னேன்.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். இருபது போல்ட்டில் பத்தொன்பது அசையவில்லை. பின் வலது வீலில் ஒன்று மட்டும் ரெஞ்ச் 'டிக்' சொல்வதற்கு முன் கொஞ்சம் நகர்ந்தது.