இருட்டைக் கெடுக்காமல் இரவு கோல்ஃப்

வேலூரில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வாடிக்கை. பொழுது சாய்ந்ததும் ஆறிவிடாது. பகலெல்லாம் வாங்கி வைத்த சூட்டைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகள் ராத்திரியில்தான் விடுகின்றன. விளையாட ஏழு மணிக்கு மேல்தான் தோதுப்படும். வாலிபால் என்றால் சிக்கல் இல்லை. திடலே 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம்தான். நான்கு கம்பம் நட்டு விளக்கு மாட்டினால் போதும். கோல்ஃபில் ஒரு குழியை எட்டவே 400 மீட்டர்கூடப் போக வேண்டியிருக்கும். விளக்கிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப்போனால் வெளிச்சம் நாலில் ஒரு பங்கு, மூன்று மடங்கு போனால் ஒன்பதில் ஒரு பங்கு. அந்த நீளம் முழுக்கப் பகலாக்குவதென்றால் உயரமான கம்பங்களை வரிசையாக நட வேண்டும். கரண்ட் பில் ஒருபுறம், மழை பெய்த மாலையில் மொய்க்கும் ஈசல் இன்னொரு புறம்.

திடலை விட்டுவிட்டுப் பந்தை ஒளிர வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. சுவரில் ஒட்டும் ரேடியம் நட்சத்திரம் விளக்கை அணைத்த பிறகும் பச்சையாகத் தெரியுமே, அதே வேலைதான் இங்கேயும். நல்ல பந்துகளில் ஸ்ட்ரான்சியம் அலுமினேட் என்ற பொருளைக் கலக்கிறார்கள். அதில் துளியளவு யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் இருக்கும். புற ஊதா டார்ச்சைப் பந்தின் மேல் பிடித்தால் யூரோப்பியத்தின் எலக்ட்ரான்கள் மேலே எழும்பி, படிகத்தில் ஆங்காங்கே உள்ள பொறிகளில் சிக்கிக்கொள்ளும். காற்றின் சூடு அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கும். பழைய இடத்துக்குத் திரும்பும்போது ஒவ்வொன்றும் பச்சை ஒளியைக் கக்கும். முதல் சில நிமிடங்களில் பளிச்சென்று இருக்கும், அப்புறம் வேகமாக மங்கும். அதனால் அடிக்கும் முன் மறுபடி டார்ச் காட்டுவது நல்லது. உள்ளே குட்டி எல்.இ.டி. விளக்கு வைத்த பந்தும் உண்டு. மட்டை பட்ட அதிர்ச்சியில் எரியத் தொடங்கி, சில நிமிடம் கழித்துத் தானே அணைந்துவிடும்.

குழியின் அகலம் வெறும் 108 மில்லிமீட்டர். அதன் உள்ளே ஒரு லைட் ஸ்டிக், கொடிக்கம்பில் மேலும் கீழுமாக இரண்டு கட்டுவது நல்லது. இருட்டில் ஒற்றைப் புள்ளி வெளிச்சத்தை உற்றுப் பார்த்தால் அது அசைவதுபோலவே தோன்றும். எவ்வளவு தூரம் என்றும் பிடிபடாது. இரண்டு மூன்று புள்ளிகள் இருந்தால் கண்ணுக்கு ஒரு பிடிப்பு கிடைக்கும். லைட் ஸ்டிக்கை மடக்கினால் உள்ளிருக்கும் கண்ணாடிக் குழாய் உடைந்து இரண்டு ரசாயனங்கள் கலக்கும். சூடு கூடினால் அந்த வினையும் வேகமெடுக்கும். நம்மூர்ப் புழுக்கத்தில் அது கூடுதலாக ஒளிர்ந்து சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பதால், ஆட்டத்துக்குச் சற்று முன்னால் உடைத்தால் போதும்.

கிணறு, பள்ளம், பாறை இருக்கும் இடங்களை வேறு நிற லைட் ஸ்டிக்குகளால் சுற்றிலும் குறிக்க வேண்டும். ஆடுகிற ஒவ்வொருவரும் கையில் ஒன்று கட்டிக்கொள்ள வேண்டும். நன்றாக அடித்த பந்து மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கும். எதிரே ஆள் நிற்பது தெரியாமல் யாரும் மட்டையை ஓங்கக் கூடாது.

இவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் ஆட முடிவது நம் கண்ணின் திறமை. விழித்திரையில் உள்ள குச்சி செல்கள் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும். 500 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலப்பச்சைக்கு அவை நன்றாக மசியும். பந்தின் பச்சை ஏறக்குறைய 520. பொருத்தம் அருமை! நடுவில் யாராவது செல்போன் டார்ச்சை முகத்துக்கு நேரே அடித்தால் பழகியதெல்லாம் நொடியில் போய்விடும். சிவப்பு விளக்கைக் குச்சி செல்கள் பெரிதாகக் கண்டுகொள்ளாது. அதனால் வழி பார்க்கவும் மதிப்பெண் எழுதவும் சிவப்பே சரி.

இருட்டைக் காப்பாற்ற நமக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜவ்வாது மலையில், பழைய வட ஆற்காட்டில் இருந்து இப்போது திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் வரும் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. 1977இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் வளையங்களின் தடயம் பதிவான இடங்களில் காவலூரும் ஒன்று. மேல்நோக்கி வீணாகும் வெளிச்சம் காற்றில் சிதறி வானத்தையே வெளுக்க வைக்கும், அதிலும் நீலம்தான் அதிகம் சிதறும். ஆகவே கம்பம் நட்டே ஆக வேண்டும் என்றால், விளக்கின் முகம் தரையைப் பார்க்கட்டும், மேலே மூடி இருக்கட்டும், வெள்ளைக்குப் பதில் மஞ்சள் எரியட்டும். கடைசிப் பந்து குழியில் விழுந்ததும் அணைத்துவிட ஒரு டைமரும் வேண்டும்.